படகு இழுக்கிற பழைய ஹைலக்ஸ்: டிஃப் ரேஷியோவா, டயரா, கியரா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து டபுள் கெப் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே திருமலையில் ஃபைபர் படகை ட்ரெயிலரில் ஏற்றி இழுக்கிறவர்கள் கையில் இருக்கிற பழைய ஹைலக்ஸை வைத்தே சமாளிக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் இந்தக் கேள்வி வருகிறது: பின் டிஃபரன்ஷியலின் (டிஃப்) ரேஷியோவை, அதாவது சில்லு ஒரு முறை சுற்ற எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை, 4.10இலிருந்து 4.56க்கு மாற்றினால் இழுவை கூடுமா? கூடும். ஆனால் நாலு சில்லும் இழுக்கிற ஃபோர்வீல் கெப்புக்கு அது பெரும்பாலும் தேவையில்லாத செலவு, பின் சில்லு மட்டும் இழுக்கிற டூவீல் கெப்புக்குத்தான் காசு வீண்போகாது என்பது என் கணக்கு.

8 அங்குல டிஃபில் 4.10 என்றால் கிரவுன் வீல் என்கிற பெரிய பற்சக்கரத்தில் 41 பல், அதைச் சுற்றுகிற சின்னச் சக்கரமான பினியனில் 10 பல். 4.56 என்றால் 41க்கு 9, 4.875 என்றால் 39க்கு 8. 4.10இலிருந்து 4.56க்குப் போனால் எல்லா கியரிலும் சில்லுக்குப் போகிற முறுக்குவிசை 11 சதவீதம் கூடும், 4.875 என்றால் 19 சதவீதம். அதே வேகத்தில் போக எஞ்சின் சுற்றும் அதே அளவு கூடும், அதுதான் விலை.

காசை எடுப்பதற்கு முன் கீழே குனிந்து டயரைப் பாருங்கள். பழைய ஹைலக்ஸ் பலவற்றில் கம்பனி கொடுத்த 205ஆர்16 அளவைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று 265/75ஆர்16 போட்டிருப்பார்கள். முதலாவதின் விட்டம் 740 மில்லிமீட்டர் அளவில், இரண்டாவது 804. வண்டி 9 சதவீதம் அளவுக்குச் சோம்பலாகிவிட்டது, 4.10 டிஃப் இப்போது 3.77 மாதிரி வேலை செய்கிறது. இந்த டயரை வைத்துக்கொண்டே 4.56 போட்டால் கிடைப்பது கிட்டத்தட்ட 4.20தான், கம்பனி கொடுத்த இழுவையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிற கதை. தேய்ந்த டயரை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால், சுமை தாங்குகிற பழைய அளவுக்கே திரும்பிப் போங்கள். ரோட்டில் படகு இழுக்கிறவர்கள் பலருக்கு அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

அடுத்த போட்டியாளர் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிற நாலாம் கியர். ஐந்தாவது கியரின் விகிதம் சுமார் 0.85, நாலாவது சரியாக 1. கந்தளாய்ப் பக்கம் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும்போது 4.10 டிஃபும் கம்பனி அளவு டயரும் இருந்தால் ஐந்தாவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,770 சுற்று அளவில் ஓடும், நாலாவதில் 2,080 வரும். அதாவது ஒரு கியர் குறைத்தாலே கிட்டத்தட்ட 18 சதவீதம், 4.56 தருவதைவிட அதிகம், செலவு இல்லை. டர்போ இல்லாத 3எல் என்ற 2.8 லீட்டர் டீசல் எஞ்சினின் முறுக்கு உச்சம் 2,400 சுற்றுப் பக்கம் இருக்கிறது, அதை 1,700இல் வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தால் கறுப்புப் புகைதான் வரும். கச்சான் என்கிற தென்மேல் காற்று அடிக்கிற மாதங்களில் ஹபரணைப் பக்கம் படகோடு போனால் காற்று நேரே முகத்தில், அப்போது ஐந்தாவது கியரை மறந்துவிடுவதே நல்லது.

இதிலேயே 4.875க்கும் பதில் இருக்கிறது. 4.875 போட்டு ஐந்தாவதில் ஓடினால் வருவது 2,100 சுற்று, 4.10இல் நாலாவதில் ஓடுவதும் அதேதான். படகு இல்லாத நாளிலும் அந்தச் சுற்றும் சத்தமும் கூடவே வரும். பினியன் 8 பல்லுக்கு இறங்கும்போது உருவமும் சிறுத்துவிடுகிறது, பாரம் இழுக்கிற வண்டிக்கு அது எனக்கு உவப்பாக இல்லை. நாள் முழுக்கப் பாரத்தோடே மட்டும் ஓடுகிற கெப் இல்லையென்றால் 4.56ஓடு நில்லுங்கள்.

சரி, ஐந்தாவதுக்குப் பதில் நாலாவது என்று ரோட்டில் தப்பிக்கலாம். முதலாம் கியருக்கும் ரிவேர்ஸுக்கும் கீழே என்ன இருக்கிறது? டிஃப் மாற்றுவது உண்மையில் பேச வேண்டிய இடம் இதுதான். உப்புவெளி மணலிலோ கொட்பேப் பக்கமோ ட்ரெயிலரைத் தண்ணீருக்குள் பின்னால் தள்ளும்போது அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும், ரிவேர்ஸ் கியரோ அவ்வளவு மெதுவாக ஓட விடாது, கால் கிளட்சிலேயே பாதியில் நிற்கும், கொஞ்ச நேரத்தில் அந்தக் கருகல் வாசம் கெபினுக்குள் ஏறும். படகு ஏறிய பிறகு பாரத்தோடு மணலில் கிளம்பும்போதும் அதே பாடு. ஃபோர்வீல் என்றால் எல்லா கியரையும் இன்னும் மெதுவாக்குகிற லோ ரேஞ்சைப் போட்டால் முடிந்தது. ஹைலக்ஸின் வயதைப் பொறுத்து அது இரண்டே காலிலிருந்து இரண்டரை மடங்கு வரை முறுக்கைக் கூட்டும், முன் சில்லும் சேர்ந்து பிடிக்கும். இதற்குப் பக்கத்தில் 11 சதவீதம் எந்த மூலைக்கு? டூவீல் கெப்புக்கு இந்த வசதி இல்லை, அங்கே 4.56 கிளட்சைக் காப்பாற்றும், நான் போடச் சொல்வேன்.

ஃபோர்வீலில் இன்னொரு சிக்கல், பின்னால் மட்டும் மாற்ற முடியாது. முன் டிஃபும் அதே ரேஷியோவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர்வீலில் போட்டதும் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து, பிடிப்பான ரோட்டில், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸையே உடைத்துவிடும். செலவு இரட்டிப்பாகும்.

மாற்றுவது என்று முடிவானால் இரண்டு வழி. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ரீகண்டிஷன் டிஃபை முழு செட்டாக எடுத்துவந்து மாட்டலாம். ஹைலக்ஸில் பின் ஆக்ஸில்களை இழுத்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, சுற்றியுள்ள நட்டுகளை எடுத்தால் டிஃப் முன்பக்கமாக முழுசாக வெளியே வந்துவிடும், பல் பொருத்தம் கம்பனியில் வைத்தபடியே இருக்கும். டூவீலில் 7.5 அங்குல டிஃபும் வரும், உங்களுடையது எது என்று பார்க்காமல் பஸ் ஏறாதீர்கள். கடைக்காரர் சொல்கிற ரேஷியோவையும் நம்ப வேண்டாம், பல்லை எண்ணுங்கள். வண்டியில் இருப்பதை அறிய ஒரு பின் சில்லை மட்டும் ஜாக்கில் தூக்கி, மற்றது தரையில் இருக்க, நியூட்ரலில் வைத்து, தூக்கிய சில்லை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ.

மற்ற வழி புது கிரவுன் பினியன் வாங்கிப் பழைய கூட்டுக்குள் பொருத்துவது. இரண்டும் ஜோடியாகத் தேய்த்து வருகிறவை, வேறு வேறு ஜோடியைக் கலக்கக் கூடாது. பல் இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மஞ்சள் பூச்சைப் பல்லில் தடவிக் கையால் சுற்றினால் பினியன் தொட்ட இடம் மட்டும் அழிந்து ஒரு முட்டை வடிவத் தடம் விழும். அது வேருக்கும் இறங்காமல் நுனிக்கும் ஏறாமல் பல்லின் நடுவே நிற்க வேண்டும். இடைவெளியை அளக்கிற டயல் கேஜ் இல்லாமல் "ஆட்டிப் பார்த்தாலே தெரியும்" என்கிற மெக்கானிக் பாஸிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், சில மாதங்களில் ஊளைச் சத்தம் தொடங்கும். நல்ல கை கிடைக்காவிட்டால் முழு செட்டே மேல்.

புதுப் பல் என்றால் முதல் 800 கிலோமீட்டருக்குப் படகைக் கொழுவ வேண்டாம், பிறகு ஜிஎல்-5 தர எண்ணெயை மாற்றிவிடுங்கள். கேபிள் மீட்டர் உள்ள வண்டியில் 4.56க்குப் பிறகு மீட்டர் கூடுதலாகக் காட்டும். 1,000 கிலோமீட்டர் என்று காட்டும்போது ஓடியிருப்பது 900தான். கியர்பெட்டிப் பக்கத்திலுள்ள சின்ன மீட்டர் பினியனை மாற்றாமல் டீசல் கணக்குப் பார்க்காதீர்கள்.