கவசத் தகட்டை மட்டமாக்கும் காற்றுச் சுத்தியல்: பத்து மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒன்றரை மில்லிமீட்டர் எஃகுத் தகட்டைக் குழி வெட்டிய மரக்கட்டையின் மேல் வைத்து அடித்து, பழைய ஐரோப்பிய வீரர்கள் அணிந்தது போன்ற முழங்கால் மூடியாகக் குழித்து எடுத்தவுடன் அது கவசம் போலத் தெரிவதில்லை. மாடிப்படியில் உருண்டு வந்த பாத்திரம் போலத்தான் தெரியும். உள்ளே குமிழ்த் தலை கொண்ட இரும்புத் தாங்கியை வைத்து, வெளியே மெருகேற்றிய முகமுடைய சுத்தியலால், ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதியளவு படியுமாறு ஆயிரக்கணக்கான சிறு அடிகள் அடித்து அந்த மேடுபள்ளங்களை மறைப்பதற்குப் பெயர் பிளானிஷிங். நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் கார்க் கதவின் ஒடுக்கை எடுப்பவர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். கையால் செய்தால் ஒரு முழங்கால் மூடிக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பெரும்பகுதி போய்விடும். மறுநாள் தோள்பட்டையும் பேசும். எனவே சென்ற ஆண்டு, மேசையில் பொருத்தும் வகையைச் சேர்ந்த காற்றுச் சுத்தியல் ஒன்றை வாங்கினேன். இங்கிலாந்தில் ஒரு கருவிக் கடையில் ஏறத்தாழ 190 பவுண்டுக்குக் கிடைத்த, விலை குறைந்த ரகம் அது.

கருவியின் அமைப்பு எளிது. ‘C’ வடிவ இரும்புச் சட்டத்தின் மேல்முனையில் காற்றில் இயங்கும் சுத்தியல் தலையும், கீழ்முனையில் மாற்றிப் பொருத்தக்கூடிய குமிழ்த் தாங்கியும் இருக்கின்றன. கம்ப்ரசரிலிருந்து 6 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 90 பவுண்டு அழுத்தத்தில் காற்று வரும்போது, தலைக்குள் இருக்கும் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடி, தட்டையான மேல் முகத்தைத் தகட்டின் மீது இடைவிடாமல் தட்டுகிறது. சுத்தியல் இருந்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்க, நாம் தகட்டைத்தான் நகர்த்த வேண்டும். இந்தத் தலைகீழ் முறைக்குக் கை பழக எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின.

பெட்டியிலிருந்து எடுத்த அன்றே இதைக் கொண்டு நல்ல வேலை செய்துவிட முடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கீழ்த் தாங்கிகளின் மேல் கடைசல் இயந்திரம் விட்டுச் சென்ற வளையக் கோடுகள் அப்படியே இருந்தன. தாங்கியில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் தகட்டில் அச்சாகும் என்பதால், மூன்று தாங்கிகளையும் உப்புத்தாளில் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்குவதற்கே ஒரு மாலைப் பொழுது போயிற்று. தாங்கி உட்காரும் குழி சற்றுத் தளர்வாக இருந்ததால் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுற்றி இறுக்கினேன். சட்டம் குழாயால் ஆனது. அடிக்கும்போது அது அதிர்ந்து வளைந்து கொடுப்பதால், தகட்டுக்குச் செல்ல வேண்டிய அடியின் ஒரு பங்கு சட்டத்திலேயே வீணாகிறது. இரண்டு பக்கமும் பட்டை இரும்பு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் 2 மில்லிமீட்டர் தகட்டிலும் அது பயன்பட்டது. இயக்கும் விசை தலையிலேயே இருந்தது இன்னொரு குறை. இரண்டு கையாலும் தகட்டைப் பிடிக்க வேண்டிய வேலையில் ஒரு கையை விசைக்குக் கொடுப்பது இயலாத காரியம். காலால் மிதிக்கும் காற்று வால்வு ஒன்றைத் தனியே வாங்கி இணைத்தேன். செய்த மாற்றங்களில் மிகுந்த பலன் தந்தது அதுதான்.

கம்ப்ரசரைப் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவதில்லை. என்னிடம் இருந்த 2 குதிரைத்திறன், 50 லிட்டர் தொட்டிக் கம்ப்ரசர், ஒரு நிமிட வேலைக்குப் பிறகு மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அழுத்தம் இறங்கியவுடன் அடியின் வலுவும் குறைந்து, ஒரே மூடியில் இரண்டு விதமான தடங்கள் விழும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் கம்ப்ரசர் உள்ளே இழுக்கும் காற்றின் கணக்கு என்பதையும், கருவிக்கு உண்மையில் வெளியே கிடைக்கும் அளவு அதைவிடக் கணிசமாகக் குறைவு என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

இனி வேலைக்கு வருவோம். இந்தக் கருவியின் வெற்றி தோல்வி முழுவதும் கீழ்த் தாங்கியின் வளைவைப் பொறுத்தது. தகட்டின் வளைவைவிடத் தாங்கியின் வளைவு சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். தாங்கி அதைவிடத் தட்டையாக இருந்தால் அதன் விளிம்பு தகட்டின் உட்புறத்தில் பதிந்து, பிறை வடிவ வெட்டுத் தடங்களை விட்டுவிடும். அவற்றை எடுப்பது தொடக்கத்தில் இருந்த ஒடுக்கை எடுப்பதைவிடக் கடினம். தாங்கி மிகக் கூர்மையான குமிழாக இருந்தாலோ, அடி முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்து, அந்த இடத்தை மெலிதாக்கி நீட்டிவிடும். முழங்கை மூடி போன்ற பொருளில் நடுவில் ஒரு வளைவும் விளிம்பருகே வேறொரு வளைவும் இருப்பதால், நடுவழியில் தாங்கியை மாற்றுவதைச் சோம்பலால் தவிர்த்தவர்கள் வருந்துவார்கள். நான் வருந்தியிருக்கிறேன்.

அடுத்தது நிதானம். இரண்டு எஃகு முகங்களுக்கிடையே நசுங்கும் தகடு ஒவ்வொரு அடிக்கும் மிகச் சிறிதளவு பரப்பில் விரிகிறது. ஒரே இடத்தில் நின்று அடித்தால் அங்கே புதிய மேடு எழும். அழுத்தத்தைக் குறைத்து வைத்து, வரிவரியாகத் தகட்டை நகர்த்தி, ஒரு சுற்று முடிந்ததும் பேனா மையைப் பூசி அரத்தால் லேசாக ஒருமுறை தடவிப் பார்த்தால், மை அழியாத இடங்கள் இன்னும் பள்ளமாக இருப்பதைக் காட்டும். இப்படி மூன்று சுற்றுகள் போனால் கையால் ஒரு பகல் முழுவதும் தட்டிய தரம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய லாபம், பிறகு கிரைண்டரில் தேய்க்க வேண்டிய அளவு குறைவது. தேய்ப்பது தகட்டின் கனத்தைத் தின்னும் வேலை. ஐரோப்பிய இடைக்கால வாழ்க்கையையும் சண்டைகளையும் பொழுதுபோக்காக மீண்டும் நடத்திப் பார்க்கும், 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் அமைப்பு, சண்டையில் அணியும் தலைக்கவசத்தின் எஃகு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது. கிரைண்டரை நம்பி மேட்டைக் கரைப்பவர் அந்த எல்லையைத் தம்மையறியாமல் தாண்டிவிடுவார்.

ஆனால் அதே தலைக்கவசத்துக்கு இந்தக் கருவி உதவாது. ஆழமான கிண்ணத்துக்குள் கீழ்த் தாங்கியின் கை நுழையவில்லை. நுழைந்தாலும் கிண்ணத்தைச் சுழற்ற இடமில்லை. முழங்கால், முழங்கை, தோள் மூடிகளுக்கும் மார்புத் தகட்டின் அகன்ற பரப்புக்கும் இது போதும். தகட்டின் நடுவே எழும்பி ஓடும் கூரிய வரம்புகளின் அருகே இதைக் கொண்டு செல்லவே வேண்டாம், வரம்பு மழுங்கிவிடும். சத்தமோ, தகரக் கூரையில் கல்மழை பெய்வது போன்றது. காதுமூடி இல்லாமல் ஒரு நொடிகூட இயக்கக் கூடாது. தகட்டின் வழியே விரல்களுக்கு ஏறும் அதிர்வுக்காக அவ்வப்போது நிறுத்தவும் வேண்டும்.

காற்றுச் சுத்தியலைத் தொடுவது மரபு மீறல் என்று கருதும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி லண்டனை அடுத்த கிரீனிச்சில் அமைத்த அரசக் கவசப் பட்டறையிலேயே சுத்தியல்காரர்கள் தனி, மெருகேற்றும் ஆலைக்காரர்கள் தனி. லூவிஷம் பகுதியில் ஓடும் ரேவன்ஸ்போர்ன் ஆற்றின் நீர்விசையில் அந்த ஆலை இயங்கியது. கைவலியை இயந்திரத்துக்கு மாற்றிவிடும் ஆசை அவர்களுக்கும் இருந்தது. லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒரு கவசம், 1520-இல் குதிரையின்றித் தரையில் நின்று போடும் போட்டிச் சண்டைக்காக அதே அரசருக்கென்று தொடங்கப்பட்டு, போட்டி விதிகள் மாறியதால் மெருகேற்றப்படாமலே நிறுத்தப்பட்டது. எடை 42 கிலோவுக்கு மேல். மெருகு மூடி மறைக்காத அந்தத் தகடுகளைப் பார்த்த பின்புதான், நல்ல கையடி எவ்வளவு சீராக இருக்க முடியும் என்பது எனக்கு விளங்கியது. என் கருவி அந்த அழகைத் தரவில்லை. அதன் தடங்கள் ஒரே அளவில், சற்று உயிரில்லாமல் விழுகின்றன. மெருகேற்றிவிட்டால் வேறுபாடு தெரியாது என்பது உண்மைதான்.

கையால் இரண்டு மூன்று மூடிகளையாவது முடித்தவர், பெரிய கம்ப்ரசரும் வெல்டிங் வசதியும் உள்ளவர், இந்த விலையில் இதை வாங்கலாம். சட்டத்தைத் திருத்த மனமில்லாதவர், வார்ப்புச் சட்டம் கொண்ட, தரையில் நிற்கும் பெரிய ரகத்துக்குப் பணம் சேர்ப்பது நல்லது. முதல் கவசத்தைத் தொடங்கப் போகிறவர் அதே பணத்தில் ஒரு நல்ல குமிழ்த் தாங்கியும் இரண்டு சுத்தியல்களும் வாங்கட்டும். இப்போது நான் முதல் இரண்டு சுற்றுகளை இயந்திரத்திலும், கடைசிச் சுற்றையும் விளிம்புகளையும் கையாலும் முடிக்கிறேன்.