எஸ்எஸ்ஹெச் திறவுகோல்: ஏஜென்ட்டா, வன்பொருள் சாவியா, சான்றிதழா?

தொலைவிலுள்ள சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியே நுழையக் கடவுச்சொல்லைவிடத் திறவுகோல் இணையே (உங்களிடம் இருக்கும் தனித் திறவுகோல், சர்வரில் பதியும் பொதுத் திறவுகோல்) பாதுகாப்பானது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் அன்றாடப் புழக்கத்தில்தான் இருக்கிறது. தனித் திறவுகோல் கோப்பைப் பூட்டக் கடவுத்தொடர் (நீண்ட கடவுச்சொல்) வைத்தால் நுழையும்போதெல்லாம் அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குச் சலித்துக்கொண்டே பலர், திறவுகோலை உருவாக்கும்போது கடவுத்தொடர் கேட்கும் இடத்தில் என்டரை இரண்டு முறை அழுத்திவிடுகிறார்கள். பிறகு அந்தக் கோப்பின் நகலை எடுப்பவர் எவராயினும் உள்ளே போய்விடலாம்.

இந்தச் சலிப்பைப் போக்க, பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுடனேயே வருவது ஏஜென்ட் என்ற துணை நிரல். கடவுத்தொடரை ஒருமுறை கொடுத்தால், பூட்டவிழ்ந்த திறவுகோலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு சர்வர் கேட்கும்போதெல்லாம், நுழைவது நீங்கள்தான் என்பதற்கு அதுவே கையொப்பமிடும். 2016இல் வந்த 7.2 பதிப்பிலிருந்து, முதல் பயன்பாட்டிலேயே திறவுகோல் ஏஜென்ட்டில் சேரும்படி அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். செலவில்லை, சர்வரில் எந்த மாற்றமும் தேவையில்லை. ஆனால் இன்னொரு கணினியிலிருந்தும் உங்கள் திறவுகோலைப் பயன்படுத்த ஏஜென்ட்டை அங்கே முன்னனுப்பும் வசதியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது: அந்தக் கணினியில் ரூட் உரிமை (முழு நிர்வாக அதிகாரம்) பெற்றவர், இணைப்பு இருக்கும்வரை உங்கள் பெயரில் கையொப்பம் வாங்கிக்கொள்ள முடியும். 2019இல் மேட்ரிக்ஸ் என்ற திறந்த தகவல் பரிமாற்றத் தளத்தை நடத்தும் அமைப்பின் சர்வர்களுக்குள் ஊடுருவியவர் இந்த வழியையும் பயன்படுத்தினார். இடைக்கணினி வழியே போக வேண்டியிருந்தால், 7.3 பதிப்பில் வந்த புராக்ஸிஜம்ப் என்ற அமைப்பு போதும். அதில் இடைக்கணினி மறையாக்கப்பட்ட தரவைக் கடத்துவதோடு சரி.

வன்பொருள் சாவியை 2020இல் வந்த 8.2 பதிப்பு ஏற்கத் தொடங்கியது. தனித் திறவுகோல் யுஎஸ்பி சாதனத்தைவிட்டு வெளியே வருவதில்லை. வட்டிலுள்ள கோப்பு மட்டும் திருடுபவருக்குப் பயன்படாது. வழக்கமாக ஒவ்வொரு நுழைவுக்கும் சாதனத்தை விரலால் தொட வேண்டும் என்பது மனிதருக்குச் சிறு வேலை, அன்சிபிள் என்ற தானியக்கக் கருவி கொண்டு ஐம்பது சர்வர்களுக்கு ஒரே நேரத்தில் கட்டளை அனுப்புபவருக்கோ பெருந்தொல்லை. பழைய சர்வர்கள் இவ்வகைத் திறவுகோலை ஏற்பதில்லை. சாதனம் தொலைந்தால் என்ன செய்வது என்பதற்காக இரண்டாவதொன்றை முன்கூட்டியே எல்லா இடத்திலும் பதிந்து வைக்கவும் வேண்டும்.

மூன்றாவது, 2010இல் 5.4 பதிப்பிலேயே வந்தும் பலர் சீந்தாத சான்றிதழ் முறை. மேற்சொன்ன இரண்டும் நுழையும் கணத்தை எளிதாக்குகின்றனவே தவிர, யாருடைய பொதுத் திறவுகோல் எந்தச் சர்வரில் கிடக்கிறது என்ற குழப்பத்தைத் தொடுவதில்லை. வேலையைவிட்டுப் போன ஒருவரின் பொதுத் திறவுகோல் வரியை ஒவ்வொரு சர்வரிலும் தேடி அழித்தவருக்குச் சான்றிதழின் அருமை தெரியும். சான்றிதழ் முறையில், சான்றளிப்பவரின் பொதுத் திறவுகோல் ஒன்றை மட்டும் சர்வர்கள் நம்பினால் போதும். பயனருக்கு, அவர் கையொப்பமிட்ட, எட்டு மணி நேரம் போன்ற குறுகிய காலம் மட்டுமே செல்லுபடியாகும் சான்றிதழ் கொடுக்கலாம், நேரம் முடிந்ததும் அது தானாகவே காலாவதியாகும். சர்வர்களுக்கும் சான்றிதழ் வழங்கினால், முதல் இணைப்பில் சர்வர் திறவுகோலின் ‘கைரேகை’யை (அதை அடையாளம் காட்டும் குறியீட்டை) காட்டி, நம்பலாமா என்று கேட்கப்படும் கேள்விக்குப் படிக்காமலே ‘யெஸ்’ என்று அடிக்கும் பழக்கத்துக்கும் இடமிராது.

இரண்டு மூன்று சர்வர்களைத் தனியாளாகப் பார்ப்பவருக்கு, குறித்த நேரத்துக்குப் பின் திறவுகோலை மறந்துவிடும்படி கால வரம்பிட்ட ஏஜென்ட்டே போதும் என்பது என் கருத்து. அவர் சான்றிதழ் அமைப்பை நிறுவுவது வீண் சுமை. பலர் நுழையும் இடத்தில் சான்றிதழே சிறந்தது, சான்றளிக்கும் திறவுகோலை வன்பொருளில் பூட்டி வைக்கும் ஒழுங்கு இருந்தால். சான்றிதழ் வழங்கும் சேவையே முடங்கும் நாளில் யாரும் உள்ளே போக முடியாமல் போகும் என்பதால், அவசரத்துக்கென ஒரு வன்பொருள் சாவியைச் சர்வர்களில் நேரடியாகப் பதிந்து வைப்பது அவசியம்.