"கிரேடு 1 தானே" என்று சொல்லி லிவர் டீடாக்ஸ் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

என் அண்ணனுக்கு வயது 52, பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்று வந்ததும் ஒரு வெல்னஸ் சென்டரில் போய் மாட்டிக்கொண்டார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஆரம்ப நிலைதான், லிவரைச் சுத்தம் பண்ணினால் போதும், ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் தேவையில்லை" என்று சொல்லி டிரிப்ஸ், மூலிகைப் பொடி என மாதக்கணக்கில் ஒரு பேக்கேஜைத் தலையில் கட்டிவிட்டார்.

எனக்கு மனசு ஆறவே இல்லை, ஏனென்றால் அவர் புரட்டிய அதே ரிப்போர்ட்டிலேயே எல்லாம் இருந்தது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான எஸ்.ஜி.ஓ.டி. 62, எஸ்.ஜி.பி.டி. 48, ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 1,38,000. இதை வைத்து, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்க ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவார்கள்: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, பிளேட்லெட்டாலும் (ஆயிரத்தில், அதாவது 138) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை, 65 வயது தாண்டியவர்களுக்கு 2 வரை. 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும், இடைப்பட்டால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்). அண்ணனுக்கு 3.4 கிட்ட வருகிறது! போனில் இரண்டு நிமிட வேலை, அதைக்கூடச் செய்யவில்லை.

கிரேடு என்பது கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம், அது கிரேடு 1-லும் இருக்கலாம், எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தாலும் இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

அப்புறம் நிபுணரிடம் கூட்டிப் போனோம். ஃபைப்ரோஸ்கேனில் 14 கிலோபாஸ்கல், 8-க்குள் இருந்திருக்க வேண்டியது. அவர் முதலில் நிறுத்தச் சொன்னதே அந்தப் பொடியைத்தான், சில மூலிகைப் பொடிகளே கல்லீரலைக் கெடுத்துவிடுமாம். கல்லீரலைக் கழுவுகிற மருந்து என்று ஒன்று கிடையவே கிடையாது. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தழும்பும் குறைய வாய்ப்பிருக்கிறது, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும், மதுவைத் தொடக்கூடாது என்றார்.

சென்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பலன் ஆளுக்கு ஆள் மாறும்" என்று கையெழுத்து வாங்கிய படிவத்தைக் காட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஃபேட்டி லிவர் என்று எழுதியிருந்தால் பழைய ரிப்போர்ட்டை எடுத்து இன்றைக்கே அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கண் மஞ்சளானாலோ, வயிறு நீர் கோத்து வீங்கினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.