"சைலண்ட் ஹெல்மெட்" வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் கொடுக்கும் முன் கன்னப் பேடைக் கழற்றிப் பாருங்கள்

ரூ. 3,200 கொடுத்து வாங்கிய முழுமுக ஹெல்மெட் ஒன்றை, வாங்கிய மூன்றாவது வாரத்தில் பிரித்துப் பார்க்க வேண்டி வந்தது. வாங்கியவர் தினமும் செங்கல்பட்டிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் கிண்டிக்குப் போய் வருகிறவர். காற்றிரைச்சல் தாங்க முடியாமல், "இது சைலண்ட் மாடல் சார், வெளிநாட்டுச் சரக்கு" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கியிருக்கிறார். கடையின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையைப் பல ஊர்களில் பல கடைகள் செய்கின்றன. ஒரு கடைப் பக்கம் போகாமல் இருந்தால் மட்டும் தப்பித்துவிட முடியாது.

இடது கன்னப் பேடு மூன்று பிளாஸ்டிக் பட்டன்களில் மாட்டியிருந்தது. ஓரத்தில் விரலைவிட்டு இழுத்ததும் டக் டக்கென்று கழன்றது. அதன் பின்னால் வழவழப்பான தெர்மாகோல் மட்டுமே இருக்க வேண்டும். இங்கே இருந்தது உள்ளங்கை அளவில் கத்தரிக்கோலால் கோணல்மாணலாக வெட்டிய சாம்பல் நிற ஸ்பாஞ்ச். செருப்புத் தைப்பவர்களும் மரவேலை செய்பவர்களும் பயன்படுத்தும் மஞ்சள் பசையால் அதை ஒட்டியிருந்தார்கள். ஸ்பாஞ்சைப் பிய்த்ததும் அடியில் தெர்மாகோல் உருகிக் குழிந்திருந்தது, ஒரு விரல்நுனி உள்ளே போகும் ஆழத்துக்கு. வலது பக்கமும் அப்படியே. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஒட்டியவருக்கு அது தெரியாதோ, தெரிந்தேதான் செய்தாரோ, விழும்போது அடியை வாங்க வேண்டிய பாகம் விற்ற அன்றே கெட்டுப்போயிருக்கிறது.

ஏன் ஒட்டினார்கள்? வாங்கியவரின் தலைச் சுற்றளவு 57 செ.மீ. ஹெல்மெட்டின் உள்ளே இருந்த ஸ்டிக்கரில் 600 மி.மீ., அதாவது 60 செ.மீ. அவருக்கான அளவு அன்று கடையில் இல்லை. "எல் சைஸே எடுத்துக்கோங்க, உள்ள பேடு வெச்சுத் தர்றேன், கச்சிதமா உக்காந்துடும்" என்று சொல்லி, அதற்கு ரூ. 150 தனியாகவும் வாங்கியிருக்கிறார்கள். பத்து நாளில் ஸ்பாஞ்ச் அமுங்கிப்போனது. அதன்பிறகு 70 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட் தூக்க ஆரம்பித்தது, பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் தலை திரும்பி அரை விநாடி கழித்துத்தான் ஹெல்மெட் திரும்பியது. இரைச்சல் பழைய ஹெல்மெட்டைவிட அதிகம்.

கடையில் மட்டும் எப்படி அமைதியாக இருந்தது? தலையில் மாட்டி, முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியான வைசரை மூடிவிட்டு, பக்கத்தில் நின்று பேசிக் காட்டுவார்கள். "பாருங்க, நான் பேசறதே கேக்கலையே." காதை மூடும் கனமான பஞ்சு எதை வைத்தாலும் அப்படித்தான் இருக்கும், தலையணையைக் கட்டிக்கொண்டாலும் பேச்சு மங்கும். அந்தச் சோதனையால் ஒன்றுமே தெரியாது. வண்டி 60, 65 கி.மீ.யைத் தாண்டிவிட்டால் எஞ்சின் சத்தம், மற்ற வண்டிகளின் சத்தம் எல்லாவற்றையும் காற்றுச் சத்தம் விழுங்கிவிடும். அந்தச் சத்தம் வெளியிலிருந்து வருவதில்லை. ஹெல்மெட்டின் மேல் ஓடும் காற்று விளிம்புகளில் கிழிபட்டுச் சுழலும்போது அங்கேயே பிறக்கிறது. பெரும்பகுதி தாடைக்கும் கழுத்துக்கும் கீழே இருக்கும் திறப்பு வழியாகக் காதுக்கு ஏறுகிறது. ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட்டில் அந்தத் திறப்பும் பெரிது, காதைச் சுற்றியும் இடைவெளி. அதனால்தான் லூசான ஹெல்மெட் சத்தமான ஹெல்மெட். விலை உயர்ந்த மாடலே ஆனாலும் சைஸ் தப்பினால் காசு வீண்.

ஸ்பாஞ்ச் சொருகினால் ஆபத்து ஏன் என்றும் சொல்லிவிட வேண்டும். அடிபடும்போது தெர்மாகோல் நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சில மில்லிமீட்டர்களில்தான் தலையின் வேகம் குறைகிறது. ஸ்பாஞ்ச் எந்த வேகத்தையும் குறைக்காமல் தட்டையாகிவிடும், தலை அதைத் தாண்டிப் போய்த்தான் மோதும். அதோடு, கன்னத்தில் மட்டும் டைட் செய்தால் உச்சியிலும் பின்தலையிலும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். உருண்டு விழும்போது அப்படிப்பட்ட ஹெல்மெட் தலையை விட்டே கழன்றுவிடலாம். கம்பெனியே பல கனங்களில் கன்னப் பேடு தனியாக விற்கிறது என்றால் அதை மாற்றலாம், தவறில்லை. தலையைச் சுற்றிய பாகம் சரியாக இருந்து கன்னத்தில் மட்டும் கொஞ்சம் லூசாக இருப்பவர்களுக்கு அது உதவும். கடைக்காரர் வெட்டி ஒட்டுவது வேறு.

அளவெடுக்க ஒரு தையல் டேப் போதும். புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே, காதுகளுக்குச் சற்று மேலே, பின்தலை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி வாருங்கள். மூன்று முறை எடுத்து அதில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனதும் எம், எல் என்ற எழுத்தைக் கேட்காதீர்கள். ஒரு கம்பெனியின் எல் 58, இன்னொன்றின் எல் 60. ஸ்டிக்கரில் இருக்கும் மில்லிமீட்டரைப் பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் சின்னதை முதலில் போட்டுப் பாருங்கள்.

புதிய ஹெல்மெட் தலையில் இறங்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். ஸ்ட்ராப் இரண்டையும் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு போட வேண்டும். "ஈசியா இறங்குது பாருங்க" என்று கடைக்காரர் மெச்சினால் அது பெரிய சைஸ். போட்டபின் கன்னம் இரண்டும் உள்ளே அழுந்தி, வாய் லேசாகக் குவிய வேண்டும். தாடைப் பகுதியைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள்: கன்னத் தோலும் நெற்றித் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் கழற்றி வையுங்கள். பிறகு ஸ்ட்ராப்பை மாட்டி, தாடைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கி, கூட வந்தவரைப் பின்பக்கக் கீழ்விளிம்பைப் பிடித்து மேலே, முன்னால் தள்ளச் சொல்லுங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு உருண்டு வந்தால் அந்த மாடல் உங்கள் தலைக்கு ஆகாது.

இதுவரை செய்ய ஐந்து நிமிடம். அடுத்ததற்குப் பொறுமை வேண்டும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் 15, 20 நிமிடம் கடையிலேயே இருங்கள். மற்ற மாடல்களைப் பாருங்கள், போன் பேசுங்கள். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். கன்னம் சிவந்திருந்தால் கவலை இல்லை. நெற்றி நடுவில் மட்டும் காசு அளவுக்குச் சிவந்து வலித்தால், உங்கள் தலை முன்பின் நீளம், ஹெல்மெட்டின் உள்வடிவம் உருண்டை. காதுக்கு முன்னால் இருக்கும் பொட்டுப் பக்கம் இரண்டும் நெரிந்து, நெற்றியில் இடம் காலியாக இருந்தால் அதற்கு நேரெதிர். இரண்டுக்கும் பெரிய சைஸ் மருந்தல்ல, வேறு வடிவ மாடல்தான் மருந்து. "போடப் போடச் சரியாயிடும்" என்பது கன்னப் பேடுக்குப் பொருந்தும், ஓரிரு வாரத்தில் அது கொஞ்சம் இளகும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் தெர்மாகோல் இளகாது. அரைமணிப் பயணத்தில் தலைவலி வந்தால், ஹெல்மெட் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

சைஸ் சரியான பிறகுதான் சத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும். வைசருக்கும் அதன் ரப்பர் பட்டைக்கும் நடுவில் ஒரு பில் தாளை வைத்து, வைசரை மூடி, தாளை இழுங்கள். ரப்பர் பட்டையைச் சுற்றி நாலைந்து இடங்களில் இதைச் செய்யுங்கள். தாள் தடையில்லாமல் உருவிக்கொண்டு வரும் இடத்தில் காற்று விசிலடிக்கும். சில மாடல்களில் பக்கவாட்டுத் தட்டின் திருகைத் தளர்த்தி வைசரைப் பின்னால் தள்ளி இறுக்கலாம். அதற்கும் சரியாகாவிட்டால் வேண்டாம். மேலே மீன் செதில் போலத் துருத்தும் பிளாஸ்டிக் அலங்காரம், ஒட்டிய ஸ்பாய்லர், ஆடும் வென்ட் மூடி எல்லாமே சத்தத்துக்கு விதை. தாடைக்குக் கீழே மாட்டும் துணித் திரை இருக்கிறதா, கழுத்துப் பட்டை தடிமனாகத் தொடுகிறதா என்று பாருங்கள். தாடை தூக்கும் மாடல்களில் இணைப்புகள் அதிகம், ஆகையால் பொதுவாகச் சத்தமும் கூடுதல். வண்டியின் விண்ட்ஷீல்டும் குற்றவாளியாக இருக்கலாம். அதன் மேல்விளிம்பிலிருந்து கிழிந்து வரும் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதினால், எந்த ஹெல்மெட் வாங்கினாலும் தடதடவென்றுதான் இருக்கும். காலியான சாலையில் தலையை ஒரு சாண் தாழ்த்திப் பாருங்கள், சத்தம் சட்டென்று குறைந்தால் மாற்ற வேண்டியது ஷீல்டின் உயரத்தை.

எவ்வளவு நல்ல ஹெல்மெட்டும் முழு அமைதி தராது. 100 கி.மீ.யை நெருங்கும் வேகத்தில் உள்ளே 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். தொழிலிடப் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்: 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர்களுக்கு ஃபோம் காதடைப்பான் அவசியம். விரலில் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காதை மேலே இழுத்துச் சொருகி, உப்பும்வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். சும்மா அழுத்தி வைத்தால் பாதிப் பலன்கூட இல்லை. சாதாரணப் பஞ்சு உதவாது.

இனி முத்திரை. மேலே சொன்ன ஹெல்மெட்டின் பின்னால் "டாட்" என்று ஒரு ஸ்டிக்கர், "இசிஇ 22.06" என்று ஒன்று, ஐஎஸ்ஐ என்று ஒன்று. மூன்றுமே நகத்தால் சுரண்டியதும் வந்துவிட்டன. டாட் என்பது அமெரிக்க விதி, தயாரிப்பாளர் தானே அறிவித்து ஒட்டிக்கொள்வது. இசிஇ என்பது ஐரோப்பாவில் செல்லும் தரம், அது உண்மை என்றால் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் நாட்டு எண்ணும், 06 என்று தொடங்கும் ஒப்புதல் எண்ணும் உள்ளே தைத்த துணிப் பட்டையில், பெரும்பாலும் தாடை ஸ்ட்ராப்பில், இருக்கும். வெளியே ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் அது கணக்கில் வராது. நம் நாட்டில் எப்படியிருந்தாலும் ஐஎஸ்ஐ இல்லாமல் இருசக்கர ஹெல்மெட் விற்கக் கூடாது. 2021 ஜூன் 1 முதல் இது கட்டாயம், "வெளிநாட்டுச் சரக்கு" என்பது அதற்கு விலக்கல்ல. முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்த ஹெல்மெட்டில் எண்ணே இல்லை.

எண் இருந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள், அடுத்தவர் எண்ணைத் திருடி அச்சடிப்பதும் உண்டு. போனில், ஐஎஸ்ஐ முத்திரைக்கு உரிமம் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் "பிஐஎஸ் கேர்" செயலியைத் திறந்து, உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எந்தத் தரத்துக்கான உரிமம், இப்போது செல்லுமா என்பது வரும். அந்தப் பெயரும் ஹெல்மெட் லேபிளில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். தயாரித்த மாதம், வருடத்தையும் பார்த்துவிடுங்கள். அலமாரியில் மூன்று வருடம் வெயில் வாங்கியதைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். உள்துணியை விலக்கி, தெர்மாகோல் நெற்றியிலிருந்து பிடரிவரை முழுதாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். உச்சியில் மட்டும் மெல்லிய வட்டமாக வைத்துவிட்டு மற்ற இடமெல்லாம் துணியால் மூடிய ஹெல்மெட்டுகள் சாலையோரத்தில் 300, 400 ரூபாய்க்குத் தொங்குகின்றன. புது வண்டியோடு ஷோரூமில் கொடுக்கும் ஹெல்மெட்டையும் இதே போலச் சோதித்து வாங்குங்கள், அளவு கேட்காமலேயே கையில் திணிப்பார்கள்.

"பில் வேண்டாம்னா 200 குறைச்சுக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். மேலே சொன்னவர் சம்மதித்தார், திரும்பப் போனபோது "நம்ம கடைல வாங்கினதுதானா?" என்று கேட்டார்கள். பில்லில் மாடல், அளவு, விலை மூன்றையும் எழுதி வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போலி முத்திரை என்றால் பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் போடலாம். ஸ்டிக்கர், உள்ளே ஒட்டியிருப்பது, அளவு லேபிள் எல்லாவற்றையும் பிய்க்கும் முன் படமெடுத்துவிடுங்கள். இங்கே பிய்த்த பிறகுதான் படமெடுத்தார்கள், கடைக்காரர் அதையே பிடித்துக்கொண்டார்.

பசையில் உருகிய ஹெல்மெட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், பின்னால் உட்காருபவருக்குக்கூட. குப்பையில் போடும் முன் தாடை ஸ்ட்ராப் இரண்டையும் அடியோடு வெட்டிவிடுங்கள். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு போவார்கள்.