டேப்லெட் கொடுக்குது, ஹப் கெடுக்குது

டேப்லெட்டோட ஒரே யூஎஸ்பி வாயில பல சாமானை மாட்ட நான் வச்சிருக்கிற ஏழு போர்ட் ஹப், 119 வெள்ளியில (மலேசிய ரிங்கிட்) இருந்து 69 வெள்ளிக்கு இறங்கியிருக்கு. இறங்கின அன்னைக்கே அக்கா மகன் கேட்டுட்டான்: "மாமா, நீங்க வச்சிருக்கிறதுதானே, எடுக்கலாமா?" வாட்ஸ்அப்ல ஒரு வரியில சொல்லி முடிக்கிற சமாச்சாரமில்ல இது. கம்பெனி பேரை எழுதப் போறதில்ல. சார்ஜரைத் தொட்டா படம் நகல் எடுக்கிறது பாதியில அறுந்துபோற இந்த வியாதி அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உள்ளதில்ல.

சுங்கை சிப்புட்ல இருந்துகிட்டு கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துக் கோயில் திருவிழான்னு படம் எடுக்கப் போறவன் நான். லேப்டாப் சுமக்கிறதை விட்டு ரொம்ப நாளாச்சு. கேமரா கார்டை ரீடர்ல சொருகி, ரீடரையும் எஸ்எஸ்டியையும் (படத்தைச் சேமிக்கிற, உள்ள எதுவும் சுத்தாத டிஸ்க்) ஹப்ல மாட்டி, ஹப்பை டேப்லெட்ல கொடுத்துட்டா, வீடு வந்து சேர்றதுக்குள்ள படம் பூரா இன்னொரு நகல் ஆயிடும்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் கோபத்துல மறந்துடும். டேப்லெட்டோட மின்சாரத்தை நம்பி இத்தனையை மாட்டலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. தாராளமா மாட்டலாம். பழைய யூஎஸ்பி 2.0 கணக்குல ஒரு போர்ட் 500 மில்லிஆம்ப் கொடுத்தா போதும், அதாவது இரண்டரை வாட். யூஎஸ்பி 3.0ல அது 900 ஆச்சு. டைப்-சி விதிப்படி 5 வோல்ட்ல 3 ஆம்ப் வரைக்கும் போகலாம், ஆனா எவ்வளவு கொடுக்கிறதுங்கிறது அந்தந்தக் கருவியோட இஷ்டம். என் டேப்லெட் கஞ்சத்தனம் பண்ணாத ஜாதி. ரீடர், எஸ்எஸ்டி ரெண்டையும் சார்ஜரே இல்லாம தாங்குது. பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்கை மாட்டினாத்தான் 'டிக் டிக்'னு முனகிட்டுப் படுத்துடும். உள்ள இருக்கிற தட்டு சுத்த ஆரம்பிக்கிற நேரத்துல அது இழுக்கிற மின்சாரம் அதிகம்.

இன்னொரு சந்தோஷம், நான் எதிர்பார்க்காதது. ராத்திரியில கார்டு பிரிக்கிறதுக்கு ஒரு குட்டி யூஎஸ்பி விளக்கு வச்சிருக்கேன். பவர் பேங்க்ல போட்டா கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடும். இவ்வளவு கம்மியா இழுத்தா, ஒண்ணுமே மாட்டலைன்னு அது நினைச்சுக்கும். டேப்லெட்ல போட்டா விடிய விடிய எரியுது. சில கருவிகள்ல ஓடிஜி (வெளியில மாட்டுற யூஎஸ்பி சாமானை இயக்குற வசதி) 10 நிமிஷம் சும்மா இருந்தா தானா அணையுற மாதிரி வச்சிருப்பாங்க, வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துக்குங்க.

வேகம் சுமார்தான். என் டேப்லெட் போர்ட் யூஎஸ்பி 2.0. கார்டுல இருந்து படிக்கிறதும் எஸ்எஸ்டியில எழுதுறதும் ஒரே பாதையில போறதால 64 ஜிபி கார்டு முடிய ஒரு மணி நேரம் பக்கம் ஆகும். கே.எல். சென்ட்ரல்ல ஈடிஎஸ் ரயில் ஏறி உக்காந்தவுடனே தட்டிவிட்டா, தஞ்சோங் மாலிம் வரும்போது முடியும். அதைக் குறையா நான் சொல்லமாட்டேன். எப்படியும் தூங்கப் போற நேரம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஹப்ல சார்ஜர் மாட்டுறதுக்குன்னு ஒரு போர்ட் இருக்கு. பெட்டியில '100 வாட்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். படம் காப்பி (நகல்) ஓடிட்டு இருக்கும்போது அதுல சார்ஜரை மாட்டுங்க, இல்ல மாட்டியிருக்கிறதைக் கழற்றுங்க. டொங்குனு ஒரு சத்தம், எஸ்எஸ்டி காணோம். ரெண்டு நொடியில திரும்ப வரும், ஆனா காப்பி செத்துப் போயிருக்கும்.

சார்ஜர் இல்லாதப்போ மின்சாரம் டேப்லெட்ல இருந்து ஹப்புக்குப் போகுது. சார்ஜர் வந்ததும் திசை மாறி ஹப்ல இருந்து டேப்லெட்டுக்கு வரணும். செம்பனை எண்ணெய் ஆலையில ஷிப்ட் மாறுற மாதிரி நினைச்சுக்குங்க. பழைய ஆள் கைப்பிடியை விட்டுட்டுக் கிளம்பிட்டான், புது ஆள் இன்னும் வந்து பிடிக்கலை. அந்த இடைவெளியில 5 வோல்ட் விழுந்துடுது, ஹப் சிப் முதல்ல இருந்து ஆரம்பிக்குது. இதைத் தடுக்க யூஎஸ்பி பிடி (பவர் டெலிவரி, யூஎஸ்பி வழியா மின்சாரம் கொடுக்கிற முறை) விதியிலேயே 'ஃபாஸ்ட் ரோல் ஸ்வாப்'னு ஒரு வழி இருக்கு. ரெண்டு பக்கமும் அதுக்குத் தயாரா இருக்கணும். மலிவு ஹப் பெட்டியில அந்தப் பேச்சே இருக்காது. சில ஹப்ல மாட்டும்போது தப்பிச்சிடலாம், கழற்றும்போது மாட்டிக்குவோம்.

தோட்டத்துல இது எப்படி வினையா முடியும்னா, திருவிழா ராத்திரி மின்சாரம் பூரா ஜெனரேட்டர்ல ஓடும். ஐஸ் பெட்டியோ பெரிய ஸ்பீக்கரோ போடும்போது விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டும். மனுஷனுக்கு அது பெரிய விஷயமில்ல. சார்ஜர் அந்த நேரத்துல ஒரு கணம் நின்னுட்டா ஹப்புக்கு அது சார்ஜரைப் பிடுங்கின கணக்கு. டேப்லெட்ல பேட்டரி 90 விழுக்காடு இருக்கும், ஆனாலும் டொங்! அப்படி ஒரு தீமிதி ராத்திரியில அறுந்துபோன காப்பியைத் திறந்து பார்த்தேன். தீயில இறங்கினவரோட தலை இருக்கு, மஞ்சள் தடவின தோள் இருக்கு, அதுக்குக் கீழே படம் பூரா சாம்பல் நிறம். எஸ்எஸ்டி எக்ஸ்ஃபேட்ல (ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஒரு முறை) இருந்தா பாதியில அறுந்ததை அதுவா சரிபண்ணிக்கிற வசதி கிடையாது. கார்டுல ஒரிஜினல் இருந்ததால பிழைச்சேன், ஆனா இனி எந்தப் படம் முழுசு எது அரைன்னு ஒவ்வொண்ணா பார்க்கணும்.

ரயில்ல வேற கூத்து. சார்ஜர் போட்டுக் காப்பி ஓடிட்டிருக்கு. பக்கத்து சீட் அம்மா, "தம்பி, கொஞ்ச நேரம் என் போனைப் போட்டுக்கிறேனே"ன்னு பிளக்கைக் காட்டுறாங்க. "காப்பி ஓடுதும்மா, பத்து நிமிஷம்"னேன். பிளக்குக்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? கம்பார் வரைக்கும் என்னை ஒரு மாதிரி பார்த்துகிட்டே வந்தாங்க.

வழி இருக்கு. டேப்லெட்டை முழுசா ஏத்திகிட்டு, சார்ஜரைப் பையிலேயே வச்சுட்டு, வெறும் டேப்லெட் மின்சாரத்துலயே காப்பி போடணும். 8,000 எம்ஏஎச் பேட்டரின்னா 30 வாட்-மணி இருக்கும், ஒரு மணி நேர எஸ்எஸ்டி வேலை அதுக்குத் தூசு. நான் இப்ப அப்படித்தான் செய்றேன், ஒரு தடவைகூட அறுந்ததில்ல. அப்புறம் அந்த 100 வாட் போர்ட் எதுக்கு, அழகுக்கா?

அக்கா மகனுக்கு "எடுக்காதே, 69 வெள்ளிக்கும் எடுக்காதே"ன்னு எழுதிட்டேன். "அப்போ உங்களோடதைக் கொடுங்க மாமா, நீங்கதான் திட்டுறீங்களே"ன்னான். அது மட்டும் முடியாதுன்னுட்டேன். சனிக்கிழமை பினாங்குல கல்யாணம் இருக்கு.