அன்டனா, டயலொக், பியோ, இந்திய டிஷ்: மலையகத்து வீட்டுக்கு எது சரி?

டிவிக்கு என்ன கனெக்‌ஷன் எடுக்கலாம் என்று ஹட்டன் பக்கம் யாராவது கேட்டால், எத்தனை சனல் வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. வீட்டுக்கு மேற்கே என்ன இருக்கிறது என்றுதான் கேட்பேன். மலையா, சவுக்கு மரமா, வெட்டவெளியா? கொழும்பில் விற்பவர்கள் சனல் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவார்கள். நம் பக்கத்தில் மழை எந்தத் திசையில் வருகிறது, மலை எந்தத் திசையில் மறைக்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் அன்டனா. கூரையில் பழைய அன்டனா இருப்பதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979 ஏப்ரலில், ஐடிஎன் மூலம். ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தபோது, அதன் முக்கிய ஒளிபரப்புக் கோபுரத்தை நம் பீதுருதாலகாலை உச்சியில்தான் நட்டார்கள். 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரமான இடம். நாடு முழுக்கப் படம் போனது நம் தலைக்கு மேலிருந்துதான். ஆனாலும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, அது ஒழுங்காக வராது. இந்த அலை நேர்கோட்டில் போவது. நடுவில் ஒரு முகடு வந்தால் போதும், நேராக வரவேண்டியது மறைந்துவிடும். எதிர்மலையில் பட்டுத் திரும்புவது மட்டும் கொஞ்சம் பிந்தி வந்து சேரும். செய்தி வாசிப்பவரின் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான தோள் தெரிகிறதே, அந்த ‘நிழல்’ இப்படித்தான் உண்டாகிறது. பூஸ்டர் வாங்கிப் பூட்டினால் நிழலும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான். அன்டனாவை இரண்டு அடி தள்ளி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. பொகவந்தலாவையில் எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா (வீட்டு அறை) மாமா தகரத்தில் ஏறி நிற்பார். நான் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நின்று, “இன்னும் கொஞ்சம் ஆத்துப் பக்கம், மாமா... ஆ, அதுதான், விடாதீங்க!” என்று கத்துவேன். படம் வந்த இடத்தில் மூங்கிலைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை.

அன்டனாவில் வருவது உள்ளூர் சனல்கள். தமிழில் 1998இல் தொடங்கிய சக்தி, ஐடிஎன் நிறுவனம் 2009இல் தொடங்கிய வசந்தம், ரூபவாஹினியின் நேத்ரா. படத்தின் அழகில் இவை தமிழ்நாட்டுச் சனல்களுக்கு ஈடில்லைதான். ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தை எங்கே நிற்கிறது, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு மஞ்சள், எதற்கு சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை அறிவித்திருக்கிறது என்பதையெல்லாம் சென்னையில் இருக்கும் எந்த சனலும் நமக்குச் சொல்லாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கமெல்லாம் மலை சரிந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அந்தச் செய்தி வராத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதை மட்டும் நம்பி ஒரு மலையகக் குடும்பம் இருக்கக்கூடாது. இந்த ஒப்பீட்டில் என்னுடைய முதல் அளவுகோல் இதுதான். அன்டனாவுக்கு மாதக் கட்டணமும் இல்லை. டிஜிட்டலுக்கு மாறுவதற்கு ஜப்பானிய முறையை 2014இலேயே தேர்ந்தெடுத்தார்கள், அது இன்னும் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அதனால் கையில் இருக்கும் பழைய டிவியே போதும்.

அடுத்து டயலொக் டிவி. தோட்டங்களில் சிவப்பு நிறத்தில் பெயர் எழுதிய டிஷ் இல்லாத லயத்தைப் பார்ப்பது கஷ்டம். காரணம் எளிது. உள்ளூர் சனல்களும் தமிழ்நாட்டுச் சனல்களும் ஒரே ரிமோட்டில் வருகின்றன. முற்பணமாக ரீலோட் போட்டுப் பார்க்கலாம். பேர் (வேலை செய்த நாள்) குறைந்த மாதத்தில் நிறுத்திவைத்து, சம்பளம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். நாள் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு இந்த வசதி பெரிய விஷயம். எந்தப் பொதியில் எந்தத் தமிழ்ச் சனல் என்பது அடிக்கடி மாறும். அதனால் சேருமுன் உங்களுக்கு வேண்டிய நாலு சனலின் பெயரைச் சொல்லி, அது இந்தப் பொதியில் உண்டா என்று நேராகக் கேளுங்கள். ‘தமிழ் பொதி’ என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

இதன் பலவீனம் மழை. டயலொக் டிஷ் பார்ப்பது 45 பாகை கிழக்கு நெட்டாங்கில் நிற்கும் செய்மதியை. நமக்கு அது மேற்குத் திசையில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 48 பாகை உயரத்தில் இருக்கிறது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை எங்கிருந்து வருகிறது? அதே மேற்கிலிருந்துதான். ஆக, டிஷ் பார்க்கும் வழியில்தான் மழை மேகமும் ஏறி வருகிறது. டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் என்ற அலைக்குக் கனத்த மழைத்துளி எதிரி, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். மூடுபனியால் சிக்னல் போகிறது என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. பனிக்கு இந்த அலை அசையாது. பனி நாளில் படம் போனால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்று நானே ஒருமுறை கண்டுபிடித்தேன். மழை விட்டு இரண்டு நாளாகியும் எங்கள் வீட்டில் படம் வரவில்லை. டிஷ்ஷைத் திருப்பியது போதும் என்று எல்என்பியில், அதாவது டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் சின்னக் கருவியில், கேபிள் பூட்டும் இடத்தைக் கழற்றினேன். உள்ளே செப்புக் கம்பி பச்சையாகிப் போயிருந்தது, உதறினால் இரண்டு சொட்டுத் தண்ணீர். பூட்டிவிட்டுப் போனவர் அந்த மூட்டுக்கு ஒரு சுற்று டேப்கூடச் சுற்றவில்லை. கேபிளை ஓர் அங்குலம் வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, இறுக்கமாக ரப்பர் டேப் சுற்றினேன். அப்புறம் கேபிளை நேராக வீட்டுக்குள் இழுக்காமல் ஒரு வளைவு தொங்கவிட்டேன், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். அதற்குப் பிறகு சாதாரண மழைக்குப் படம் நிற்பதில்லை, அடைமழைக்குத்தான் நிற்கிறது. யார் வந்து பூட்டினாலும், எந்த நிறுவனமாக இருந்தாலும், அவர் ஏணியிலிருந்து இறங்குமுன் அந்த மூட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இந்திய டிஷ்ஷுக்கு மலையகத்தில் ஏன் இவ்வளவு ஆதரவு என்பதிலும் கொஞ்சம் விஞ்ஞானம் இருக்கிறது. இந்திய அரசுத் தொலைக்காட்சியின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருவது 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செய்மதியிலிருந்து. அது நமக்குத் தென்கிழக்கில், ஏறக்குறைய 73 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சியில். உயரம் கூடினால் அலை மழைக்குள் கடந்துவரும் தூரம் குறையும். மேற்கே சாய்ந்து வரும் அலை இதைவிடக் கால் பங்குக்கும் மேல் கூடுதலான மழையைத் துளைத்து வரவேண்டும். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கும் உச்சி வானம் மறைவதில்லை. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது. ஆனால் தமிழில் கிடைப்பது கொஞ்சம்தான். பழைய பொதிகை, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறியதே, அது வரும். மற்றதெல்லாம் பெரும்பாலும் இந்தி.

தமிழ்நாட்டுச் சனல்கள் வரிசையாக வேண்டும் என்பவர்கள் அங்குள்ள கட்டண டிஷ் பெட்டிகளைக் கொண்டுவந்து பூட்டுகிறார்கள். தொடர் பார்க்கும் அம்மாக்களுக்கு அதில் கிடைக்கும் சந்தோஷம் எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சேவைகள் இந்தியாவுக்குள் இருக்கும் சந்தாதாரர்களுக்கானவை. கணக்கு யாரோ ஒருவரின் இந்திய முகவரியில் இருக்கும், ரீசார்ஜ் போட நடுவில் ஓர் ஆள் வேண்டும், பெட்டி செத்தால் முறையிட இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேல், சக்தியும் வசந்தமும் அதில் வராது. இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2024இல் டயலொக்கோடு இணைந்த இங்கிருந்த எயார்டெல் வெறும் கைபேசிச் சேவை. இந்திய எயார்டெல் டிஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பியோ டிவி ஸ்ரீலங்கா டெலிகொம் தொலைபேசி லைனில் வருவது. டிஷ்ஷே இல்லாததால் மழை படத்தை நேரடியாகத் தொடாது, தவறவிட்ட நிகழ்ச்சியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை நகருக்குள் ஃபைபர் வரும் தெருவில் வீடு இருந்தால், என் கணக்கில் இதுதான் முதலிடம். தோட்டத்துக்குள் லைன் வராவிட்டால் பேச ஒன்றுமில்லை. வருகிறது என்றாலும், மரம் விழுந்து கம்பி அறுந்தால் சரிசெய்ய எத்தனை நாள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுச் சேருங்கள். டவுன்களில் உள்ள சின்னக் கேபிள்காரர்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவார்கள், பொதுவாகச் சொல்ல முடியாது. கைபேசியில் பார்ப்பது டவர் தெரியும் மேட்டில் நல்லது, பள்ளத்தில் டேட்டாதான் கரையும்.

எங்கள் வீட்டில் இப்போது அன்டனாவும் டயலொக்கும் இரண்டும் இருக்கின்றன. மாலையில் மழை அடித்து டிஷ் நின்றால், அம்மா எழும்பி அன்டனா வயரை மாற்றிச் செருகிச் செய்தி பார்ப்பார். இடி கேட்டால் இரண்டு வயரையும் கழற்றிவிடுவார். பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, மின்னல் டிஷ் வயர் வழியாகவும் பெட்டிக்குள் இறங்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இதை மறக்கக்கூடாது.

பசறையில் இருக்கும் அக்காவுக்கு இதே பதிலைச் சொல்ல முடியவில்லை. அவர்கள் வீட்டுக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. போன தைப்பொங்கலுக்குப் போனபோது வாசலில் நின்று மேற்கைப் பார்த்துக் கையை நீட்டி, அடிவான மட்டத்திலிருந்து முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எண்ணினேன். ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்துப் பாகை. நாலு முஷ்டிக்குள் முகடு முடிந்துவிட்டால் டயலொக் வரும். மலை நாலோடு முடிந்தது, ஆனால் அதற்கு மேலே சவுக்குக் கிளை ஐந்தாவது முஷ்டியை மறைத்தது. மச்சான் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.