நுரையீரலுக்குப் போகும் தடுப்பூசித் தூள்: ஜெட் மில்லா, உறை உலர்த்தியா, ஸ்பிரே டிரையரா?

மூச்சில் இழுக்கும் தூளின் காற்றியக்க விட்டம் (காற்றில் துகள் எந்த அளவுள்ளதைப் போல நடந்துகொள்கிறதோ அந்த அளவு) 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். பெரிய துகள் தொண்டையிலேயே அப்பிக்கொள்ளும். அந்த அளவுக்குக் கொண்டுவரும்போது உள்ளே இருக்கும் புரதமோ உயிருள்ள வைரஸோ கெடாமலும் இருக்க வேண்டும். போட்டி இங்கேதான்.

ஜெட் மில்லை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அழுத்தக் காற்றில் படிகங்களை மோதவிட்டு நொறுக்கும் இம்முறை, ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு மலிவானது. அங்கேயும் நொறுங்கிய பரப்பு ஈரம் பட்டால் மறுபடி படிகமாகித் துகள்களை ஒட்டவைத்துவிடும். புரதம் அந்த அடியைத் தாங்காது.

தட்டம்மைத் தடுப்பூசி இன்றும் உறை உலர்த்தித்தான் குப்பியில் வருகிறது; கரைத்தபின் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையேல் கொட்ட வேண்டும். சுமார் −40 டிகிரியில் உறையவைத்து, வெற்றிடத்தில் இரண்டு மூன்று நாள் உலர்த்துவார்கள். காப்புக்காகச் சேர்க்கும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரைக் கலவையின் வெப்பநிலை சுமார் −30 டிகிரியைத் தாண்டினால் கட்டி சரிந்துவிடும். அமிலத்தன்மையை நிலையாக வைக்கச் சேர்க்கும் பஃபர் கரைசலிலும் கவனம் வேண்டும்: பாஸ்பேட் பஃபரில் சோடியம் உப்பு முந்திப் படிகமாகி அமிலத்தன்மை கூடுவதால், ஹிஸ்டிடின் பஃபர் பாதுகாப்பானது. இத்தனைக்குப் பிறகும் கையில் கிடைப்பது கட்டிதான், தூள் இல்லை. அதை அரைக்கப் போனால் பழைய சிக்கலே திரும்ப வரும்.

எங்கள் தேர்வு ஸ்பிரே டிரையர்: கரைசலைச் சூடான காற்றில் நுண்துளிகளாகத் தெளித்து உலர்த்தும் கருவி. 110–120 டிகிரி காற்று என்றதும் பலர் மிரள்கிறார்கள். நீர் ஆவியாகும்வரை துளி குளிர்ந்தே இருக்கும்; வெளியேறும் காற்றை 50–60 டிகிரியில் வைத்தால் போதும். சேதம் பெரும்பாலும் சேகரிப்புக் குடுவையில்தான், சூட்டோடு தூளை மணிக்கணக்கில் விட்டுவைப்பதால். 2% திடப்பொருள் உள்ள 10 மைக்ரான் துளி உலர்ந்தால் 3 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவான துகள் வரும். துணைப்பொருளில் ட்ரெஹலோஸ் 80, லூசின் 20 என்று தொடங்கலாம். அமினோ அமிலமான லூசின் மேற்பரப்புக்கு வந்து ஓடு கட்டி, தூள் ஒட்டாமல் காக்கும். தெளிக்கும்போது காற்றுப் பரப்பில் புரதம் விரிந்துவிடும். அதைத் தடுக்கத் துளியளவு பாலிசார்பேட் என்ற பரப்புச் செயலியைச் சேர்க்க வேண்டும்.

உண்மையான எதிரி ஈரம். உலர்ந்த ட்ரெஹலோஸ் கண்ணாடிபோல் இறுகி, சுமார் 115 டிகிரி வரை உறுதியாக இருக்கும்; சில சதவீத நீர் ஏறினாலே அந்த வரம்பு பல பத்து டிகிரி இறங்கிவிடும். உலர் அறையில் அடைத்து, அலுமினிய உறையில் மூட வேண்டும். ஜெலட்டின் கேப்சூலில் 13–16% நீர் உண்டு. அது தூளுக்கு மாறும், கேப்சூலும் காய்ந்து, இன்ஹேலர் துளையிடும்போது சில்லுசில்லாக உடையும். செல்லுலோஸிலிருந்து செய்யும் ஹெச்பிஎம்சி கேப்சூலே சரி.

இதன் நெருங்கிய உறவான, கார்பன் டை ஆக்சைடு துணையோடு தெளித்து உலர்த்தும் முறையில் கொலராடோ ஆய்வாளர்களும் சீரம் இன்ஸ்டிட்யூட்டும் தட்டம்மைத் தூளை உருவாக்கினார்கள். அதில் ட்ரெஹலோஸுக்குப் பதில் மையோ-இனோசிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால். இந்தியாவில் முதற்கட்ட மனிதச் சோதனையும் நடந்தது.

அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசி என்றால் மட்டும் கணக்கு மாறும். மெதுவாக உறைந்தால் அந்த உப்பு திரண்டு வீரியம் போய்விடும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மெல்லிய படல உறைதல் முறையில், கடுங்குளிர் உருளையில் துளிகளை விழவைத்து நொடிக்குள் உறையவைக்கிறார்கள். பிறகு வெற்றிடத்தில் உலர்த்தினால் நுண்துளைகள் நிறைந்த, இன்ஹேலர் காற்றிலேயே உடையும் தூள் கிடைக்கும். அடர்த்தி நீரின் பத்தில் ஒரு பங்கு (0.1) என்றால் 10 மைக்ரான் துகளும் காற்றில் 3.2 மைக்ரான் போலவே பறக்கும். ஆனால் உறை உலர்த்தியின் செலவும் நாட்களும் இதிலும் உண்டு. அலுமினியம் இல்லாத தடுப்பூசிக்கு இதை எடுக்க வேண்டியதில்லை.